பனிக்கு அடியில் ஓடும் வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை மாலை, மலைமுகட்டுச் சாலையின் மிக உயர்ந்த வளைவில் எர்மினியா காரை நிறுத்தினாள். நிறுத்த வேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை. சாலை தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த பனி முதலில் ஓரத்து வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டது. பிறகு தடுப்புக் கம்பியை. கடைசியில் காரின் மூக்கையே எடுத்துக்கொண்டது. பக்கத்து இருக்கையில் அவள் கணவன் டெல்ஃபின், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்த களைப்பில், தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம் அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த முட்டைக்கோஸ் லாரிக்காரர் இறங்கி, கண்ணாடியைத் தட்டி, "என் பின்விளக்கப் பாத்துக்கிட்டே வாங்க" என்று சொல்லி முன்னே போனபிறகுதான் வீடு வந்து சேர முடிந்தது.

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டெல்ஃபினை மலையிறக்கி பாகியோ நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதுவரை காரை ஓட்டியவன் அவன் அண்ணன் மகன். அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். இருபத்திரண்டு வருடம் இதே சாலையில் காய்கறி லாரி ஓட்டிய டெல்ஃபினுக்கு இப்போது ஸ்டீயரிங்கைத் தொட அனுமதியில்லை. சுத்திகரிப்பு முடிந்தால் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டிவிடும். ஆகவே ஐம்பத்தோரு வயதில், ஓட்டுநர் உரிமம் வாங்கி ஆறே மாதமான எர்மினியா ஓட்டினாள். வெள்ளிக்கிழமை அவள் துணியவில்லை. தெரிந்தவர் லாரியில் தொற்றிக்கொண்டு போனார்கள். வரும் வழியில் டெல்ஃபின் இரண்டு முறை மயங்கினான்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்ததும் அவன் சொன்னான்: "வர்ற செவ்வாய்க்கிழமை வேணாம், எர்மி. ஒரு தடவை விட்டா ஒண்ணும் ஆயிடாது."

"பக்கத்து ஊர் சிக்ஸ்டோவும் இதத்தான் சொன்னாரு."

"அவரு ரெண்டு தடவை விட்டாரு."

சிக்ஸ்டோவின் அடக்கத்துக்கு இருவரும் போயிருந்தார்கள். ஒரு முறை விட்டவன் இரண்டாவது முறை விடுவதற்கு அதிகக் காரணம் தேடமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவள் அந்த வளைவைக் கடந்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை, அவள் வரவழைத்திருந்த பனி விளக்குகள் ஓர் அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தன. சாஸர் அகலத்தில், மஞ்சள் கண்ணாடி போட்ட இரண்டு விளக்குகள், ஒரு சுருள் வயர், ஸ்விட்சைப் போட்டதும் விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே என்ற சின்ன டப்பா, ஃப்யூஸ், ஸ்விட்ச். கூடவே சீன மொழியில் அச்சிட்ட ஒரு தாள். மருந்து தெளிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கஸ்பாரை அவள் கூப்பிட்டிருந்தாள். டெல்ஃபினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அவர். ஊரே அவரை 'மனோங்' என்று அண்ணன் முறை வைத்துத்தான் அழைத்தது. தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"படிச்சிட்டீங்களா மனோங்?" என்றாள் எர்மினியா.

"படம் பாத்தேன். படத்துல கார் இருக்கு, செவுரு இருக்கு. நம்மகிட்டயும் ரெண்டும் இருக்கு."

"கார் வாங்கினப்ப கோழி அடிச்சு, பித்தப்பையில சகுனம் பாத்துட்டுத்தானே எடுத்தோம்" என்று டெல்ஃபின் நாற்காலியிலிருந்து இழுத்தான். "இதுக்கும் ஒண்ணு அடிக்கணும்ல?"

"முழு காருக்கு ஒரு கோழி. லைட்டுக்கு ஒரு முட்டை போதும்" என்றார் கஸ்பார். "அதையும் நான் அவிச்சுத் தின்னுக்கறேன். உன் டாக்டருதான் உனக்கு எல்லாத்தையும் தடுத்து வச்சிருக்காரே."

"பாத்தியா எர்மி? நோயாளி வீட்டுக்கு வந்து முட்டை கேக்கறான்."

சாலையிலிருந்து வீட்டு முற்றத்துக்கு ஒரு சரிவு இறங்குகிறது. அந்தச் சரிவில், தகரச் சுவரைப் பார்த்து மூக்கைத் தாழ்த்தியபடி கார் நின்றது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார்கள். பம்பருக்கு அடியில் ஏற்கெனவே இருந்த துளைகளில் தாங்கிகளை வைத்து, போல்ட்டை எர்மினியா முடுக்க, நட்டைக் கஸ்பார் மல்லாந்து படுத்துப் பிடித்துக்கொண்டார். இன்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒரு ரப்பர் அடைப்பு இருந்தது. அதில் துளையிட்டு, குடைக்கம்பி ஒன்றின் முனையில் வயரைக் கட்டி உள்ளே தள்ளினாள். மறுபுறம் அது ஸ்டீயரிங்குக்குக் கீழே எட்டிப் பார்த்தது. எர்த் வயருக்காக ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டினாள். கேரட் தோல் சீவும் கைக்கு அது பழகிய வேலையாகவே இருந்தது.

மதியம் கடந்து பேட்டரியை மறுபடி இணைத்து ஸ்விட்சைப் போட்டபோது, இன்ஜின் பக்கமிருந்து 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை வந்தது. ரிலே பிடித்துக்கொண்டது. தகரச் சுவரில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் பூத்தன.

எர்மினியா ரிலேயின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. டெல்ஃபினின் இடது முழங்கையில் டயாலிசிஸ் ஊசிக்காக இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகத் தைத்திருந்த இடத்தில் தினமும் காலையில் அவள் இப்படித்தான் விரல் வைப்பாள். அங்கே தோலுக்கடியில் தேனீக்கூட்டைப் போல ஓர் ஓயாத ரீங்காரம். அது இருந்தால் வழி திறந்திருக்கிறது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். இங்கே ஓசையும் இல்லை, அதிர்வும் இல்லை. ஆனாலும் ஒரு நூலளவு செம்பு வழியாக இத்தனை வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு உடல் சிலிர்த்தது. கஸ்பார் சிரிப்பாரென்று விரலை எடுத்துக்கொண்டாள்.

மீதமிருந்தது வெளிச்சத்தின் உயரத்தைத் திருத்துவது. தாளில் படம் தெளிவாகவே இருந்தது. விளக்கின் மையத்திலிருந்து சுவர்வரை ஒரு மட்டக்கோடு. அதற்கு நான்கு விரல் கீழே வெளிச்சத்தின் மேல்விளிம்பு. மட்டம் பார்ப்பதென்றால் இந்த மலையில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாத்தி கட்டினாலும், கல்வரிசை அடுக்கினாலும், கல்லறைக்கு மேடை போட்டாலும், தண்ணீர் நிரப்பிய ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயை எடுத்து இரு முனைகளையும் இருவர் பிடிப்பார்கள். இரு முனைகளிலும் தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அதுவே மட்டம். எர்மினியாவின் கொட்டகையில் அப்படி ஒரு குழாய் ஆணியில் தொங்கியது. கஸ்பார் ஒரு முனையை விளக்குக்கு நேராகப் பிடித்தார். அவள் மறுமுனையைச் சுவரில் பிடித்து, நீர் நின்ற இடத்தில் நாடா ஒட்டினாள். நான்கு விரல் கீழே இன்னொரு நாடா. விளக்கின் மறையைத் தளர்த்தி, வெளிச்சத்தின் விளிம்பை அந்த நாடாவில் கொண்டுவந்து நிறுத்தி இறுக்கினார்கள்.

"தண்ணி பொய் சொல்லாது" என்றார் கஸ்பார், கையைத் துடைத்துக்கொண்டே.

"நீ சொல்லுவ" என்றான் டெல்ஃபின்.

ஐந்தரை மணிக்குப் பனி வந்தது. மூவரும் காரில் ஏறி, ஊருக்கு மேலே சாலையின் சரிவு குறையும் இடத்துக்குப் போனார்கள். எர்மினியா ஸ்விட்சைத் தட்டினாள்.

எதிரே ஒரு சுவர் எழுந்தது. முன்பு சாம்பலாய் இருந்த பனி இப்போது பாலும் மஞ்சளும் கலந்த ஒரே திரையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்றது. கோடு இல்லை, கம்பி இல்லை. விளக்கில்லாதபோது மங்கலாகத் தெரிந்த பத்தடி சாலைகூட இல்லை. அவள் ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டாள். சுவர் விழுந்தது, சுவர் எழுந்தது.

"கொஞ்சம் முன்னால போய்ப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அழுகை வந்துவிடும்போல இருந்தது. அதை அவர்கள் பார்க்க வேண்டாமென்று நினைத்தாள். வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு இருபது அடி வைத்து நடந்து நிமிர்ந்தாள்.

எதிரே இரண்டு பேர் நின்றார்கள்.

இருவரும் பைன் மரத்தளவு உயரம். இருவரும் கருமையாய், பனியின் உடம்புக்குள்ளேயே செதுக்கப்பட்டவர்களைப் போல, தோள்கள் விரிந்து நின்றார்கள். ஒவ்வொருவர் தலையைச் சுற்றியும் ஒரு வளையம் இருந்தது: உள்ளே வெளிர்மஞ்சள், விளிம்பில் செம்மண்ணும் மங்கலான பச்சையும். கிழக்கே, பனிக்கு அப்பால், புலாக் மலை இருக்கிறது. செத்தவர்கள் போய்ச் சேரும் மலை. அங்கிருந்து யாரோ இருவர் வழி கேட்க இறங்கி வந்ததாகவே ஒரு கணம் அவள் நம்பினாள். தன்னையறியாமல் வலது கையை நெஞ்சுக்கு உயர்த்தினாள். அந்த இருவரும் கையை உயர்த்தினார்கள்.

இரண்டு விளக்குகளும் ஆளுக்கொன்றாய்ப் போட்ட தன் நிழல்தான் என்று புரிந்தபிறகும் அவளால் நகர முடியவில்லை. புரிந்தது எதையும் குறைத்துவிடவில்லை. வாழ்நாள் முழுதும் குனிந்தே வேலை செய்த ஒருத்திக்குள் இத்தனை உயரம் எங்கே மடங்கிக் கிடந்தது? அவள் தலையை அசைத்தால் வளையமும் அசைந்தது. வேறு யாருக்கும் அல்ல, தனக்காகவே போட்டதுபோல அவளோடு வந்தது.

கஸ்பார் பின்னால் வந்து நின்றார். "எனக்கும் தெரியுது" என்றார் மெதுவாக. "ஆனா வளையம் என் தலையிலதான் இருக்கு. உனக்கு இல்ல."

"என் தலையிலதான் இருக்கு மனோங்."

அவரவர் வளையம் அவரவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. கஸ்பார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்ததைத் திரும்பும்போதுதான் கவனித்தாள்.

காருக்குள் டெல்ஃபின், "என்ன, ரோடு தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

"தெரியல."

"அப்ப விட்டுடு எர்மி" என்றான். குரலில் ஏமாற்றம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு சுமையை இறக்கிவைக்க இடம் கிடைத்தவனின் குரலாக இருந்தது அது.

ஞாயிற்றுக்கிழமை காலை, விளக்குகளைக் கழற்றிவிடலாமென்று ஸ்பேனரோடு அவள் முற்றத்துக்கு வந்தாள். டெல்ஃபின் காரின் பின்கதவைத் திறந்து, பின்தளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காப்பி குடிக்கத் தொடங்கியிருந்தான். அவனுடைய கோப்பையின் உட்புறம் சுற்றிவரச் சிவப்பு நகப்பூச்சால் அவளே ஒரு கோடு வரைந்திருந்தாள். ஒரு நாளைக்கு மூன்று முறை, அந்தக் கோடுவரை மட்டும். அதற்குமேல் ஒரு வாய் நீரும் அவன் உடம்பிலேயே தங்கிவிடும். அவள் வருவதைக் கண்டு கோப்பையைத் தளத்தில் வைத்தான்.

"கோட்டத் தாண்டி ஊத்தியிருக்க, லக்காய்" என்றாள் அவள். முதிர்ந்த கணவனைக் கொஞ்சவும் திட்டவும் இந்த ஊரில் அந்த ஒரு சொல்தான்.

"ஒரு சொட்டு தாண்டல. நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். இந்தப் பக்கம் அரை விரல் மேல இருக்கு."

"அந்தப் பக்கம் பாரேன். அரை விரல் கீழ இருக்கு. கார் சாஞ்சு நிக்குது, காப்பியா சாஞ்சு நிக்கும்?"

எர்மினியா கோப்பையைப் பார்த்தாள். காரின் மூக்கை நோக்கிய பக்கத்தில் காப்பி சிவப்புக் கோட்டை மூடியிருந்தது. வாலை நோக்கிய பக்கத்தில் கோடு வறண்டு தெரிந்தது. நடுவே, ஒரு சிறு கருப்பு வயல்போல, காப்பி அசையாமல் மட்டமாகக் கிடந்தது.

அவள் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

தண்ணீர் பொய் சொல்லவில்லை. நேற்றும் அது உண்மையைத்தான் சொன்னது. ஆனால் மலையின் மட்டத்தைச் சொன்னது, காரின் மட்டத்தை அல்ல. மூக்கைத் தாழ்த்தி நின்ற காரின் விளக்கைத் தண்ணீருக்குச் சமமாக நிமிர்த்திவிட்டார்கள். சரிவு குறைந்த சாலைக்குப் போனதும் கார் மூக்கைத் தூக்கியது. விளக்கும் கூடவே நிமிர்ந்து பனியின் நெஞ்சில் அடித்தது. மட்டக்குழாயைப் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. வேறு எவரும் முதலில் ஒரு சமதரையைத் தேடியிருப்பார்கள்.

"இந்த ஊர்ல சமதரை எங்க இருக்கு?" என்று உரக்கக் கேட்டாள்.

டெல்ஃபின் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தான். பிறகுதான் அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்கு எட்டியது. அவன் முகம் மாறியது. "பந்து விளையாடற எடம்" என்றான்.

இந்த மலையில் கடவுள் சமமாக எதையும் படைக்கவில்லை. ஊரின் கூடைப்பந்துத் திடல் மட்டுமே சமம், அதையும் ஊரார் எட்டு மாதம் மண் வெட்டி, இதே மட்டக்குழாயால் மட்டம் பார்த்துக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். திருமணமும் ஓட்டுப்பதிவும் உருளைக்கிழங்கு உலர்த்தலும் அங்கேதான். மாலை நான்கு மணிக்கு எர்மினியா காரைத் திடலுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தபோது, மேட்டுத்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, இது பார்க்கிங் இல்ல" என்று ஒருவன் கத்தினான்.

"பத்து நிமிஷம்டா. நீங்க எப்படியும் தோக்கத்தான் போறீங்க" என்றார் கஸ்பார், குழாயை மாலைபோலத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி.

திடலின் கோடியிலிருந்த மேடைச் சுவரில் நாடா ஒட்டினார்கள். இம்முறை தண்ணீரும் காரும் ஒரே சொல்லைச் சொல்லின. மறையைத் தளர்த்தி, எர்மினியா விளக்குகளைக் கீழே சாய்த்தாள். நேற்றைய இடத்திலிருந்து வெகுதூரம் சாய்க்க வேண்டியிருந்தது. இறுக்கி முடித்து, காரைத் திடலின் மறுகோடியைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியபோது பனி வந்துவிட்டது. திடலுக்கு மேல் போட்டிருந்த கூரைக்கடியில் நாலா பக்கமும் நுழைந்து, கூடைகளையும் மேடையையும், மறுகோடியில் ஒதுங்கி நின்ற இரண்டு அணிகளையும் விழுங்கியது.

அவள் ஸ்விட்சைத் தட்டினாள். டிக்.

சுவர் எழவில்லை. வெளிச்சம் தரையோடு தரையாகப் படுத்து, பனிக்கு அடியில் நுழைந்து ஓடியது. கான்கிரீட்டின் ஒவ்வொரு விரிசலும், உதிர்ந்த ஒவ்வொரு பைன் ஊசியும், திடலின் மஞ்சள் கோடும் அடுத்த எல்லைவரை தெரிந்தன. அதற்குமேலே பனி, ஒரு வீட்டின் உத்தரம்போல, சமமாக நின்றது. பனி தரையைத் தொடும் இடத்தில் இப்படி ஒரு தாழ்வாரம் இருக்குமென்று, ஐம்பத்தோரு வருடம் அதற்குள்ளேயே வாழ்ந்தும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. திடலின் மறுகோடியில் பத்து ஜோடிக் காலணிகள் தெரிந்தன, முழங்கால்வரை கால்கள், அதற்குமேல் ஆளில்லை. தலையற்ற அந்தக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சத்துக்குள் மெல்ல நடந்து வந்தன. அவள் இறங்கி விளக்குகளுக்கு முன்னால் வந்து நின்று, நேற்று பார்த்த இருவரைத் தேடினாள், இல்லை. அவளுடைய நிழல் இப்போது காலடியிலிருந்து தொடங்கித் தரையிலேயே நீண்டு கிடந்தது.

டெல்ஃபின் காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இருவத்திரண்டு வருஷம்" என்றான். "க்ளீனர் பையன் ஜன்னல்ல தலைய நீட்டி, லெஃப்ட்டு ரைட்டுன்னு கத்துவான். அவன் சத்தத்த வச்சுத்தான் ஓட்டினேன். கீழ இப்படி ஒரு வழி தொறந்தே கெடந்திருக்கு." பிறகு தன் முழங்கையைத் தடவிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை சுத்திகரிப்பு முடிந்து திரும்பும்போது, நாலேமுக்காலுக்கே பனி சாலையில் இறங்கியிருந்தது. எர்மினியா ஸ்விட்சைத் தட்டினாள். வெள்ளைக் கோடு பனிக்கடியிலிருந்து நூல்போலப் பிரிந்து வந்தது. அவள் அதைப் பின்தொடர்ந்தாள். கோடு வளைந்தால் வளைந்தாள். சாலையோரத்துச் சௌசௌப் பந்தல்களின் அடிக்கால்கள் மட்டும் வந்து வந்து போயின. எதிரே வந்த பேருந்து முதலில் இரண்டு சக்கரங்களாகத்தான் தெரிந்தது. உயர்ந்த வளைவு எப்போது வந்தது என்பதைத் தடுப்புக் கம்பியின் பாதங்களை எண்ணித்தான் அறிந்தாள். போன வாரம் நாற்பது நிமிடம் நின்ற இடத்தில் சாலை தீராமல் ஓடிக்கொண்டே இருந்தது.

வளைவைத் தாண்டியதும் பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு மங்கலான வெளிச்சம் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவளுடைய பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

டெல்ஃபின் தூங்கவில்லை. பாகியோவை விட்டதிலிருந்து அவன் கண்ணை மூடவே இல்லை. இருக்கையில் முன்னால் சாய்ந்து, முகம் கண்ணாடியைத் தொடுமளவுக்கு வந்து, பனிக்கடியில் அவிழ்ந்துகொண்டே போகும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எர்மி."

"ம்."

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

அவள் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்பவும்போல ஒம்பதுக்கு" என்றாள்.

"எட்டரைக்கே போயிடலாம்" என்றான் அவன். "வார்டுல மூலைக் கட்டில் கெடைக்கும். திரும்பும்போது இன்னும் கொஞ்சம் பனியிலயே வரலாம்ல."

"லேட்டாப் போனாத்தான் பனியில வரலாம், லக்காய். சீக்கிரம் போனா சீக்கிரம் வந்துடுவோம்."

அவன் யோசித்தான். "அப்ப ஒம்பதுக்கே போலாம்" என்றான்.